28 நாளா, 12 வாரமா: சினைப்பையை அடக்கும் ஊசியை எத்தனை நாளுக்கு ஒருமுறை போட்டுக்கொள்வது?

உங்கள் கேள்வியைச் சுருக்கமாக எடுத்துவைத்துக்கொண்டு தொடங்குகிறேன். உங்களுக்கு வயது 38. ஹார்மோன் ஏற்பிகள் உள்ள மார்பகப் புற்றுநோய், அறுவைச் சிகிச்சையும் கதிர்வீச்சும் முடிந்துவிட்டன, கீமோ தேவைப்படவில்லை. ஏழு மாதங்களாக லெட்ரோசோல் மாத்திரையும், வயிற்றில் போடும் கோசெரிலின் 3.6 மி.கி. ஊசியும் நடக்கின்றன. ஊரிலிருந்து மருத்துவமனைக்குப் பேருந்தில் நான்கு மணி நேரம். டிசம்பர் 18, புதன்கிழமை போட்ட ஊசிக்கு அடுத்த தவணை ஜனவரி 15 அன்று வந்தது; அன்று மாட்டுப் பொங்கல், புறநோயாளர் பிரிவு இல்லை; ஆகவே 20ஆம் தேதி திங்கள்கிழமைதான் போட்டுக்கொண்டீர்கள். "மாதம் ஒரு ஊசிதானே, ஐந்து நாள் தள்ளினால் என்ன" என்கிறார் உறவினர் ஒருவர். "அலைச்சல் குறைய, 12 வாரத்துக்கு ஒருமுறை போடும் 10.8 மி.கி. ஊசிக்கு மாறிவிடலாம்" என்கிறார் மருத்துவர். எது சரி என்பது உங்கள் கேள்வி.

நான் மருத்துவர் இல்லை. புற்றுநோய்ப் பிரிவின் மருந்தகத்தில் நெடுங்காலம் வேலை பார்த்து, இந்த ஊசிகளை எண்ணி எடுத்துக்கொடுத்தவன். உங்கள் அறிக்கைகளைப் பார்த்து முடிவெடுக்க வேண்டியவர் உங்கள் மருத்துவர்தான். ஆனால் அவரிடம் என்ன கேட்க வேண்டும், அவர் சொல்வதன் பின்னால் இருக்கும் காரணம் என்ன என்பதை நான் சொல்ல முடியும்.

முதலில் "மாதம்" என்ற சொல்லை ஒதுக்கிவையுங்கள். இந்த ஊசியின் கணக்கு மாதக் கணக்கு அன்று, வாரக் கணக்கு. 3.6 மி.கி. என்றால் 28 நாள், 10.8 மி.கி. என்றால் 84 நாள். இரண்டுமே ஏழால் வகுபடுவதால் கிழமை மாறாது: புதன்கிழமை தொடங்கியவருக்கு ஒவ்வோர் ஊசியும் புதன்கிழமைதான் வர வேண்டும். மருந்தகத்தில் அட்டையை வாங்கியதும் நான் முதலில் பார்ப்பது தேதியை அல்ல, கிழமையைத்தான். "ஒவ்வொரு மாதமும் 5ஆம் தேதி" என்று வைத்துக்கொண்டவர்களுக்கு இடைவெளி பெரும்பாலும் 30 நாளாகவும் 31 நாளாகவும் நீண்டுவிடுகிறது. ஓர் ஆண்டுக்கு 13 ஊசி போக வேண்டிய இடத்தில் 12 போகிறது. ஐந்தாண்டுகளில் 65 போக வேண்டிய இடத்தில் 60 போகிறது. ஒரு நாள்கூடத் தவறவிடாமல் வந்ததாக நினைத்துக்கொண்டே ஐந்து ஊசிகளை இழந்துவிட முடியும் என்பதுதான் இதில் உள்ள விசித்திரம்.

இந்த நாள் கணக்கு ஏன் இவ்வளவு கறாராக இருக்கிறது என்பதற்கு மருந்து வேலை செய்யும் விதத்தைப் பார்க்க வேண்டும். சினைப்பைகளை அகற்றினால் சில பெண்களின் மார்பகப் புற்றுநோய் சுருங்குகிறது என்பதை ஸ்காட்லாந்து அறுவை மருத்துவர் ஜார்ஜ் பீட்சன் 1896இலேயே எழுதிவிட்டார். இந்த வகைப் புற்றுநோயை வளர்க்கும் பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜனுக்கு அன்று பெயரே கிடையாது. கத்தியில்லாமல் அதே விளைவை உண்டாக்கும் வழி, மூளையின் ஹைபோதலாமஸ் அனுப்பும் ஒரு சிறு ஹார்மோனின் அமைப்பைக் கண்டறிந்த பிறகே திறந்தது. அந்தப் பணிக்காக ஆண்ட்ரூ ஷாலியும் ரோஜர் கீயமானும் 1977இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார்கள். அந்த ஹார்மோன் ஏறத்தாழ ஒன்று, ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு துடிப்பாக வெளிப்பட்டு, பிட்யூட்டரி சுரப்பியைத் தட்டியெழுப்பும்; பிட்யூட்டரி சினைப்பையை இயக்கும்; சினைப்பை ஈஸ்ட்ரோஜனைச் சுரக்கும். கோசெரிலின், லூப்ரோலைடு, ட்ரிப்டோரெலின் ஆகியவை அதே ஹார்மோனைப் போல நடிக்கும் மருந்துகள். ஆனால் துடிப்பாக வராமல், இடைவிடாமல் வந்துகொண்டே இருக்கும். முதல் சில நாட்களில் பிட்யூட்டரி கூடுதலாகவே சுரந்து, ஈஸ்ட்ரோஜன் சற்று ஏறும். பிறகு அந்த ஓயாத தட்டலுக்குச் செவிகொடுப்பதை நிறுத்திவிடும். மூன்று நான்கு வாரங்களில் சினைப்பை உறங்கிவிடும்.

இதில் "இடைவிடாமல்" என்பதுதான் முழு மருத்துவமும். மருந்தின் அளவு குறைந்து, தட்டல் ஓய்ந்தால், பிட்யூட்டரி மறுபடி விழித்துக்கொள்ளும். அந்த விழிப்பு 29ஆம் நாள் காலையில் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் நடப்பதில்லை. சிலருக்குச் சில நாட்கள் கையிருப்பு இருக்கும், சிலருக்கு இருக்காது. 3.6 மி.கி. ஊசியின் மருந்துக் குறிப்பும் சில நாள் தாமதத்தைப் பொறுத்துக்கொள்கிறது. ஆனால் 28 நாள் ஒழுங்கைக் காக்க எல்லா முயற்சியும் எடுக்க வேண்டும் என்றும் சொல்கிறது.

உங்கள் விஷயத்தில் தாமதம் கூடுதலாக முக்கியமாவதற்குக் காரணம் ஊசி அல்ல, கூடவே நீங்கள் சாப்பிடும் மாத்திரை. டமாக்சிஃபென் சாப்பிடும் பெண்ணுக்கு ஊசி நாலு நாள் தள்ளிப்போய் ஈஸ்ட்ரோஜன் கொஞ்சம் எட்டிப்பார்த்தாலும், புற்றணுக்களில் ஈஸ்ட்ரோஜன் வந்து ஒட்டும் ஏற்பிகளை டமாக்சிஃபென் அடைத்துக்கொண்டு நிற்கும். ஒரு காவல் தளர்ந்தாலும் இன்னொரு காவல் உண்டு. லெட்ரோசோல், அனஸ்ட்ரசோல், எக்ஸிமெஸ்டேன் ஆகியவற்றின் வழி வேறு. அவை ஈஸ்ட்ரோஜன் உற்பத்தியாவதையே தடுப்பவை. மாதவிடாய் நின்ற பெண்களின் உடலில் கொழுப்பு போன்ற திசுக்களில் உருவாகும் சிறிய அளவைத் தடுக்க அவற்றால் முடியும். விழித்திருக்கும் சினைப்பையை அவற்றால் அடக்க முடியாது. அடக்க முடியாதது மட்டுமன்று, தூண்டியும் விடும்: ஈஸ்ட்ரோஜன் குறைவதைக் கண்ட மூளை, சினைப்பையை இன்னும் வேகமாக இயக்கப் பார்க்கும். குழந்தைப்பேறு மருத்துவமனைகளில் கருமுட்டை வளர்வதற்காக மாதவிடாயின் தொடக்க நாட்களில் ஐந்து நாள் எழுதிக்கொடுக்கும் மாத்திரையும் இதே லெட்ரோசோல்தான், பெரும்பாலும் இதே 2.5 மி.கி. அளவில். ஊசி காக்கும்வரை அது புற்றுநோய் மருந்து. ஊசி விலகினால் அதுவே சினைப்பைக்குத் தூண்டுதல். ஆகவே, "ஐந்து நாள் தள்ளினால் என்ன" என்ற கேள்விக்கு டமாக்சிஃபென் சாப்பிடுபவரும் லெட்ரோசோல் சாப்பிடுபவரும் ஒரே பதிலை வைத்துக்கொள்ளக் கூடாது.

இனி ஆய்வுகளுக்கு வருவோம். மாதவிடாய் நிற்காத பெண்களுக்குச் சினைப்பையை அடக்குவதால் பலன் உண்டு என்று நிறுவியவற்றில் முதன்மையானவை சாஃப்ட், டெக்ஸ்ட் என்ற இரண்டு பன்னாட்டு ஆய்வுகள். சாஃப்ட் ஆய்வின் எட்டாண்டுக் கணக்கில், நோய் திரும்பாமலும் வேறு புற்றுநோய் வராமலும் உயிருடன் இருந்தவர்கள் டமாக்சிஃபென் மட்டும் எடுத்தவர்களில் 78.9 சதவீதம், அதனுடன் சினைப்பையையும் அடக்கியவர்களில் 83.2 சதவீதம், எக்ஸிமெஸ்டேனுடன் அடக்கியவர்களில் 85.9 சதவீதம். 35 வயதுக்குட்பட்டவர்களிடம் வேறுபாடு இதைவிடப் பெரியது. உங்கள் கேள்விக்கு இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது என்னவென்றால், அந்த ஆய்வுகளில் பயன்பட்ட ஊசி ட்ரிப்டோரெலின் 3.75 மி.கி.; அது போடப்பட்டது 28 நாளுக்கு ஒருமுறை. நாம் மேற்கோள் காட்டும் பலன் அந்த இடைவெளியில் கிடைத்த பலன்.

அந்த 28 நாள் ஒழுங்கிலும் எல்லாருக்கும் அடக்கம் முழுமையாக இருந்ததா என்று பார்த்த சாஃப்டின் ஒரு துணை ஆய்வு 2016இல் வெளியானது. எக்ஸிமெஸ்டேனும் ட்ரிப்டோரெலினும் எடுத்தவர்களில் 34 சதவீதம் பேருக்கு, முதல் ஓராண்டில் ஒருமுறையேனும், ஈஸ்ட்ரோஜனின் முக்கிய வடிவமான ஈஸ்ட்ரடையாலின் அளவு, இருக்க வேண்டிய வரம்பான மில்லிலிட்டருக்கு 2.72 பிகோகிராமுக்கு மேல் இருந்தது. கீமோ எடுக்காதவர்கள், உடல் எடை கூடியவர்கள் ஆகியோரிடம் சினைப்பை இப்படி அடக்கத்திலிருந்து தப்பிப்பது அதிகம். தவணை தவறாமல் போட்டும் மூன்றில் ஒரு பங்குப் பெண்களிடம் ஏதோ ஒரு நாளில் சினைப்பை கண் விழித்திருக்கிறது என்றால், இடைவெளியை நாமாக நீட்டுவதற்கு எவ்வளவு இடம் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். நீங்களும் கீமோ எடுக்காதவர் என்பதால் இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன்.

12 வார ஊசிக்கு ஆதரவாகவும் ஆய்வுகள் உண்டு. அவற்றைக் குறைத்துச் சொல்வது நேர்மையாகாது. ஜப்பானில் தொடக்கநிலைப் புற்றுநோய் உள்ள 170 பெண்களிடம் 3.6 மி.கி. ஊசியையும் 10.8 மி.கி. ஊசியையும் ஒப்பிட்டபோது, ஈஸ்ட்ரடையாலை அடக்குவதில் பின்னது முன்னதற்குக் குறைந்ததன்று என்று 2011இல் முடிவு வந்தது. நோய் பரவிய நிலையில் உள்ளவர்களிடம் நடந்த இன்னோர் ஆய்வு 2016இல் வெளியாகி, அதுவும் இரண்டுக்கும் ஏறத்தாழ ஒரே பலன் என்றது. ஆனால் இரண்டிலும் கூடக் கொடுக்கப்பட்ட மாத்திரை டமாக்சிஃபென். அதாவது இரண்டாவது காவல் நின்றுகொண்டிருந்த வீட்டில் நடந்த சோதனை அது. லெட்ரோசோல் குடும்பத்து மாத்திரைகளுடன் 12 வார ஊசியை வைத்து, சாஃப்ட் போலப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த அளவுக்குச் சான்று இல்லை. அந்த மாத்திரைகளைச் சாப்பிடும் இளம் பெண்களுக்கு 28 நாள் ஊசியையே பல மருத்துவர்கள் விரும்புவதற்கு இதுவே காரணம். டமாக்சிஃபென் சாப்பிடுபவருக்கு 12 வார ஊசியை மனநிறைவோடு எழுதும் அதே மருத்துவர், உங்களுக்கு எழுதும்போது ஒரு கணம் யோசிப்பார்; யோசிக்க வேண்டும்.

என் கருத்தை மறைக்காமல் சொல்வதென்றால், 28 நாள் ஒழுங்கை உங்களால் காப்பாற்ற முடியும் என்றால் குறைந்தது முதல் இரண்டு ஆண்டுகளாவது அதிலேயே இருங்கள். நான்கு மணி நேரப் பயணமும் வேலையும் சேர்ந்து அந்த ஒழுங்கை உண்மையிலேயே உடைக்கின்றன என்றால், 33 நாள், 36 நாள் என்று இழுத்துப் போடும் 28 நாள் ஊசியைவிட, சரியாக 84ஆம் நாள் போடும் 12 வார ஊசி மேல். உங்கள் மருத்துவர் மாற்றச் சொன்னதும் உங்கள் பொங்கல் தாமதத்தைப் பார்த்துத்தான் இருக்கும். மாறுவதாக இருந்தால், ஈஸ்ட்ரடையால் அளவைப் பார்த்துக்கொண்டே மாறலாமா, அல்லது 12 வார ஊசியோடு மாத்திரையை டமாக்சிஃபெனாக்குவது எனக்குப் பொருந்துமா என்ற இரண்டையும் அவரிடம் கேளுங்கள். மூன்றாவது வழியும் உண்டு: 3.6 மி.கி. ஊசியை உங்கள் ஊருக்கு அருகிலேயே, பழகிய கையுள்ள ஒரு மருத்துவரிடமோ செவிலியரிடமோ போட்டுக்கொண்டு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை மட்டும் பெரிய மருத்துவமனைக்குப் போவது. பலருக்கு அலைச்சலைத் தீர்த்தது இந்த வழிதான்.

10.8 என்பது "மூன்று மடங்கு பலமான ஊசி" அன்று என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். பலர் அப்படிப் பயந்திருக்கிறார்கள். மூன்று ஊசியின் மருந்தை மெதுவாகக் கரையும்படி ஒன்றாக அடைத்தது அவ்வளவே. இரண்டுமே நீர் மருந்து அல்ல. உடலில் கரைந்துபோகும் பொருளால் செய்த சிறு உருளைகள். 3.6 மி.கி. உருளையின் விட்டம் ஏறத்தாழ 1 மி.மீ., ஓர் அரிசிமணியை நினைத்துக்கொள்ளலாம், 10.8 மி.கி. உருளை 1.5 மி.மீ. அதனால்தான் அதன் ஊசியும் தடிமனாக இருக்கிறது. வலியும் சற்றுக் கூடுதலாகத் தெரியலாம். தொப்புளுக்குக் கீழே, தோலுக்கும் தசைக்கும் இடையிலுள்ள கொழுப்பில், முறைக்கு ஒரு பக்கமாகப் போடுவார்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். போட்ட பிறகு வெளியில் வைத்திருக்கும் பெட்டியில் 3.6 என்று இருக்கிறதா, 10.8 என்று இருக்கிறதா என்று நீங்களே ஒருமுறை படித்து, அட்டையில் தேதியோடு குறித்துக்கொள்ளுங்கள். லூப்ரோலைடு போடுபவர்களுக்கு இது இன்னும் அவசியம்: அது 3.75, 7.5, 11.25, 22.5 என்று பல அளவுகளில் வருகிறது. அவற்றில் சில ஆண்களின் புராஸ்டேட் புற்றுநோய்க்கானவை. மார்பகப் புற்றுநோயில் வழக்கமாக 3.75 நான்கு வாரத்துக்கும் 11.25 மூன்று மாதத்துக்குமானவை.

நீங்கள் கேட்காத, ஆனால் கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்று: ஊசி வேலை செய்கிறது என்று எப்படித் தெரியும்? மாதவிடாய் வராததை மட்டும் வைத்துத் தெரியாது. ரத்தப்போக்கு இல்லாமலே ஈஸ்ட்ரோஜன் சுரந்துகொண்டிருக்க முடியும். ஆனால் நின்ற மாதவிடாய் மறுபடி வந்தாலோ, சொட்டுச் சொட்டாகப் பட்டாலோ, அடுத்த தவணைவரை காத்திருக்காமல் அன்றே தொலைபேசியில் சொல்ல வேண்டும். மாதக்கணக்கில் அனலாக அடித்த உடம்பு, காரணமில்லாமல் திடீரென்று குளிர்ந்துபோய் வியர்வை நின்றுவிட்டாலும் சொல்லிவைப்பது நல்லது. ஈஸ்ட்ரடையால் பரிசோதனை செய்வதாக இருந்தால், அடுத்த ஊசிக்குச் சற்று முன்பு, மருந்து மிகக் குறைந்திருக்கும் நேரத்தில் ரத்தம் கொடுப்பதே பொருளுள்ளது. எந்த முறையில் பரிசோதிக்கிறார்கள் என்பதும் முக்கியம். வழக்கமான ஆய்வுக்கூட முறைகள் குழந்தைப்பேறு மருத்துவத்துக்குத் தேவையான பெரிய எண்களை அளக்கவே ஏற்றவை. மூன்று பிகோகிராமுக்குக் கீழே அவற்றின் சொல் நம்பத்தக்கதன்று. "மாதவிடாய் நின்றவர்களுக்கு இயல்பு" என்று தாளில் அச்சிட்டிருப்பதைப் பார்த்து நிம்மதியடைந்துவிட வேண்டாம். மிகச் சிறிய அளவையும் துல்லியமாக அளக்கும் மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி முறையில் செய்யும் கூடத்துக்கு அனுப்ப முடியுமா என்று கேளுங்கள். எக்ஸிமெஸ்டேன் சாப்பிடுபவர்களுக்கு வழக்கமான முறை, இல்லாத ஈஸ்ட்ரோஜனை இருப்பதாகவும் காட்டிவிடும்.

ஜனவரியில் நேர்ந்த ஐந்து நாள் தாமதத்துக்காக இப்போது மனம் கலங்க வேண்டியதில்லை. ஒருமுறை நேர்ந்த 33 நாள் இடைவெளியால் சிகிச்சை பாழாகிவிடாது; அதைப் பழக்கமாக்கினால்தான் பிரச்சினை. அடுத்த முறை மருத்துவரிடம் சொல்லுங்கள். அவர் வேண்டுமானால் ரத்தம் எடுத்துப் பார்ப்பார். தாமதத்தை ஈடுகட்ட இரண்டு ஊசி போடுவது கிடையாது. ஒரு வாரத்துக்கு மேல் தள்ளிப்போகும் நிலை எப்போதாவது வந்தால், லெட்ரோசோலைத் தொடரலாமா என்று மருத்துவரைத் தொலைபேசியில் கேட்ட பிறகே தொடருங்கள். நீண்ட இடைவெளிக்குப் பின் மறுபடி தொடங்கும் ஊசி, முதல் ஊசியைப் போலவே சில நாட்கள் ஈஸ்ட்ரோஜனை ஏற்றிவிட்டுத்தான் இறக்கும். கருத்தடையையும் இத்துடன் சேர்த்துச் சொல்ல வேண்டும்: இந்த ஊசியைக் கருத்தடையாக நம்பக் கூடாது, ஹார்மோன் மாத்திரையும் கூடாது, ஆணுறை அல்லது காப்பர்-டி போன்றவையே வழி.

முன்கூட்டியே போடுவதைப் பற்றிப் பலர் தயங்குகிறார்கள். இரண்டு மூன்று நாள் முன்னதாகப் போடுவதில் தீங்கில்லை. பின்னால் போவதில்தான் ஆபத்து. ஜனவரி 13, திங்கள்கிழமை, போகியன்று மருத்துவமனை திறந்திருந்தது. அன்று போயிருந்தால் 26ஆம் நாளோடு கணக்கு முடிந்திருக்கும். காப்பீட்டில் ஊசி வாங்குபவர்கள் மட்டும், 28 நாள் முடியுமுன் அனுமதி கிடைக்குமா என்று காப்பீட்டுப் பிரிவில் முன்னதாகவே கேட்டுக்கொள்ள வேண்டும். இந்தச் சிக்கலால் திரும்பி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

வழக்கமான காலம் ஐந்தாண்டுகள். அவ்வளவு நாள் ஈஸ்ட்ரோஜன் இல்லாமல் இருப்பதால் எலும்பு தேயும். தொடக்கத்திலேயே எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் எடுத்து, கால்சியமும் வைட்டமின் டியும் பார்த்துக்கொள்வதை உங்கள் மருத்துவர் சொல்லியிருப்பார், சொல்லாவிட்டால் கேளுங்கள். இனிக் குழந்தை வேண்டாம் என்ற முடிவில் இருப்பவர்களுக்கும், பரம்பரை மரபணு மாற்றத்தால் சினைப்பைப் புற்றுநோய்க்கும் வாய்ப்புள்ளவர்களுக்கும், லேப்ராஸ்கோப்பி முறையில் சினைப்பைகளை எடுத்துவிடும் வழி இருக்கிறது. அதோடு நாள் கணக்கு என்பதே இல்லாமல் போகும். ஆனால் அது திரும்ப முடியாத வழி என்பதால், 38 வயதில் ஊசியின் அலைச்சலுக்காக மட்டும் அந்த முடிவை எடுக்க வேண்டாம் என்பேன்.

இப்போதைக்கு 3.6 மி.கி. ஊசியிலேயே தொடர்வதானால், ஜனவரி 20 திங்கள்கிழமையிலிருந்து எண்ணுங்கள். அடுத்தது பிப்ரவரி 17, அதற்கடுத்தது மார்ச் 17, இரண்டும் திங்கள்கிழமை. அதன் பிறகு வருவது ஏப்ரல் 14. அன்று தமிழ்ப் புத்தாண்டு, புறநோயாளர் பிரிவு இருக்காது. ஏப்ரல் 11 வெள்ளிக்கிழமைக்கு இப்போதே பதிவு செய்துவிடுங்கள்.